'ரெபேக்கா'வைக் கொன்றது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, ஆங்கில எழுத்தாளர் டாஃப்னி டு மாரியரின் 'ரெபேக்கா' நாவல் பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் ரெபேக்கா தடுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு இறந்ததாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது 1940-இல் ஹிட்ச்காக் எடுத்த படத்தில் வருவது. நாவலில் கணவன் மேக்ஸிமே அவளைச் சுட்டுக் கொல்கிறான். உடலை அவளுடைய படகிலேயே ஏற்றி மூழ்கடிக்கிறான். மனைவியைக் கொன்றவன் தண்டனை இல்லாமல் தப்புவதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகள் அனுமதிக்கவில்லை. அதனால் படத்தில் கொலை விபத்தாகிவிட்டது. (1938-இல் வெளியான நாவலின் முடிச்சை நான் அவிழ்த்ததற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.)

சின்னத் தவறுதானே என்று விட மனம் வரவில்லை. விபத்தாக்கிவிட்டால், பாவப்பட்ட கணவனும் அவனைத் தேற்றும் புது மனைவியுமாகக் கதை சுருங்கிவிடும். நாவலில் அவன் கொலையை ஒப்புக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டானே என்று இரண்டாம் மனைவி பதறுவதில்லை. ரெபேக்காவை அவன் நேசிக்கவே இல்லை என்று தெரிந்ததில் அவளுக்கு அப்படியொரு நிம்மதி! அப்புறம் விசாரணை வரும்போது, அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நாமும் சேர்ந்து தவிக்கிறோம். வாசகரையும் குற்றத்துக்கு உடந்தையாக்கிய அந்தச் சாமர்த்தியத்தைக் கட்டுரை தொடவே இல்லை.

இது பொறாமை பற்றிய நாவல் என்றுதான் டு மாரியரே சொல்லிவந்தார். காதல் கதை எழுதுபவர் என்ற முத்திரை அவருக்குப் பிடிக்காது. ராணுவ அதிகாரியான கணவரோடு எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் இருந்தபோது, இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையை நினைத்து ஏங்கியபடி தொடங்கிய நாவல் இது.

மேக்ஸிமின் மேண்டர்லி மாளிகையில் கடைசிவரை பேய் எதுவும் வருவதில்லை. எனக்கு அதைவிடப் பயம் தந்தது ஒரு பீங்கான் பொம்மை. புது மனைவி அதைக் கைதவறி உடைத்துவிடுகிறாள். வீட்டுக்கே எஜமானி, உடைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவளோ துண்டுகளை ஒரு உறையில் போட்டு மேஜை இழுப்பறைக்குள் ஒளித்துவைக்கிறாள். பழி வேலைக்காரப் பையன் மேல் விழுகிறது. கடைசியில் வீட்டு நிர்வாகி மிஸஸ் டேன்வர்ஸ் முன்னால், திருடி மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி விழிக்கிறாள். இந்தப் புது மனைவிக்கு நாவல் முழுக்கப் பெயரே கிடையாது. எல்லாவற்றிலும் ரெபேக்காவின் பெயர்தான்.

'பறவைகள்' படத்தின் மூலக்கதையும் டு மாரியர் எழுதியதுதான். அதிலும் ஹிட்ச்காக் கதையைக் கார்ன்வாலிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய், ஆட்களையும் மாற்றிவிட்டார். அதைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். எழுதுபவர் இந்த முறை கதையைப் படித்துவிட்டு எழுதினால் சரி.

இப்படிக்கு,
ஒரு வாசகி