கூடத்தைக் கூறு போட்டுவிட்டு முகப்பைக் காட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய பொதுக் கட்டடம் ஒன்றைக் குடியிருப்பாக மாற்றப்போகிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு படமும் வருகிறது. தூண்கள், வளைவு ஜன்னல்கள், உச்சியில் கட்டிய வருஷம். கீழே 'பழமை மாறாமல் புதுப்பிக்கப்படும்' என்று ஒரு வரி. பழமை என்று இவர்கள் சொல்வது பெரும்பாலும் அந்த முன்சுவரைத்தான். அதற்கு முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, பின்னால் மொத்தத்தையும் இடித்து, காங்கிரீட் தளங்களாக ஏற்றி, கடைசியில் முன்சுவரை அதோடு பிணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பதே என் தொழில் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. பூட்டிப் போட்ட கட்டடம்தான் சீக்கிரம் விழும். கூரையில் ஒரு ஓடு நகர்ந்தால் கவனிக்க ஆளில்லை, இரண்டு மழைக்காலத்தில் தண்ணீர் உத்திரம் வரை இறங்கிவிடும். குரோஷியாவின் ஸ்பிளிட் நகரில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனைக்குள் 7ஆம் நூற்றாண்டில் அடைக்கலம் தேடி வந்தவர்கள் குடியேறினார்கள், இன்றும் அந்தச் சுவர்களுக்குள் மக்கள் சமைத்துத் துவைத்து வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். உலகம் முழுக்கப் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்கள் அடிப்படையாக வைத்திருக்கும் 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும், பழைய கட்டடத்தைச் சமுதாயத்துக்குப் பயன்படும் வேலைக்கு விடுவது அதைக் காப்பாற்ற உதவும் என்றுதான் சொல்கிறது. ஆனால் அதே இடத்தில், அமைப்பையும் அலங்காரத்தையும் அதற்காக மாற்றக் கூடாது என்றும் சொல்கிறது. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

சங்கக் கட்டடமோ, வாசகசாலையோ, பள்ளியோ, நாடக அரங்கோ, பொதுக் கட்டடம் என்றால் நடுவில் ஒரு பெரிய கூடம் இருக்கும். மற்ற அறைகளெல்லாம் அதைச் சுற்றி வந்தவை. உள்ளே நுழைந்ததும் தலை தானாக மேலே போகிறதே, அந்த உயரம்தான் அந்தக் கட்டடம். விற்பவர் கண்ணுக்கு அந்த உயரம் வீணாகப் போன இடம். குறுக்கே ஒரு தளம் போட்டால் வீட்டுக் கணக்கு இரட்டிப்பாகிவிடும் அல்லவா? போடுகிறார்கள். தளம் சரியாக ஜன்னலின் நடுவில் வந்து முட்டுகிறது. கீழ் வீட்டுக்காரருக்கு ஜன்னலின் பாதி, மேல் வீட்டுக்காரருக்குத் தரையோடு தரையாக ஒரு அரைவட்டம், குழந்தை இருக்கும் வீடென்றால் அதற்கும் கம்பி அடிக்க வேண்டும். கூரை மரச்சட்டங்கள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போய்விடுகின்றன, அப்புறம் அவற்றில் கரையான் ஏறினாலும் யாருக்கும் தெரியாது.

அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டிலிருந்தே இப்படிப்பட்ட வேலைகளுக்கு மத்திய அரசு வரிச்சலுகை தருகிறது, இப்போது அது தகுதியுள்ள செலவில் 20 சதவீதம். வாடகைக்கு விடுவது போல வருமானம் தரும் கட்டடங்களுக்கு மட்டும்தான் அது. ஆனால் முகப்பைக் காட்டி அந்தச் சலுகையை வாங்க முடியாது. உள்ளே என்ன செய்தீர்கள் என்றும் பார்ப்பார்கள், முக்கியமான அரங்கைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தால் கேள்வி வரும். பழைய பள்ளிக்கூடங்களை வீடாக்கும்போது அந்த அகலமான நடைக்கூடத்தைக் கூட அப்படியே விடச் சொல்வார்கள். இதில் எனக்கு முழு உடன்பாடு. வகுப்பறை ஒரு வீடாகலாம், அளவு ஏறக்குறையப் பொருந்தும், ஆனால் நடைக்கூடம் போனால் அது பள்ளிக்கூடமாக இருந்தது என்பதே போய்விடும்.

அப்படியானால் வீடுகள் எங்கே வரும்? பக்க அறைகளில், மாடியில், பின்னால் எப்போதோ ஒட்டுப் போட்ட பகுதியில், தேவைப்பட்டால் பின்பக்கத்தில் அடக்கமான ஒரு புதிய கட்டடத்தில். சமையலறையும் குளியலறையும் அந்த ஒட்டுப் பகுதியிலேயே ஒன்றின்மேல் ஒன்றாக வரட்டும், பைப்புக்காகப் பழைய சுவரைக் கொத்த வேண்டியிருக்காது. கூடத்துக்குள் ஏதாவது கட்டியே ஆக வேண்டும் என்றால், சுவரைத் தொடாமல் தன் காலில் நிற்கும் இடைத்தளமாக, ஜன்னலிலிருந்து தள்ளி, நாளை கழற்றி எடுக்கும்படி கட்டலாம். எட்டு வீடு வர வேண்டிய இடத்தில் ஆறுதான் வரும், உண்மைதான். அந்த இரண்டு வீட்டின் விலைதான் இந்தக் கட்டடத்தைக் காப்பாற்றும் செலவு, அதை ஆரம்பத்திலேயே கணக்கில் எழுதிவிட வேண்டும்.

'பழைய தளம் தாங்காது, அதனால்தான் இடிக்கிறோம்' என்று ஒரு பதில் வரும். சோதித்துப் பார்த்துச் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். இன்றைய விதிகளில் வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையும், ஆட்கள் கூடும் மண்டபத்துக்கு 400 முதல் 500 கிலோ வரையிலும் எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது கூட்டம் கூடிய தளத்தில் குடும்பம் வந்தால் சுமை குறையத்தான் செய்யும், நடுவில் செங்கல் தடுப்புச் சுவர்களை எழுப்பாதவரை. உத்திரத்தில் பெரும்பாலும் கெடுவது சுவருக்குள் போகும் முனைதான். நடுவில் ஆணி அடித்தால் இறங்காத மரம், முனையில் விரலால் சுரண்டினாலே பொடியாக உதிரும். அந்த ஒன்றரை அடியை வெட்டி, புது மரம் ஒட்டு வைத்தால் போதும். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதும் நியாயமான கேள்வி, இரண்டாவது படிக்கட்டு இல்லாமல் வீடுகள் கட்டவே கூடாது, ஆனால் தடித்த உத்திரம் மேற்பரப்பில் கரியாகிக்கொண்டே உள்ளே வெகுநேரம் தாங்கும். நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் கரிகிறது.

அப்புறம் சிமென்ட். போர்ட்லாண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றதே 1824இல்தான், அது பரவலாக வர இன்னும் பல காலமானது. அதற்கு முந்தைய செங்கல் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் எழுந்தவை. ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லுக்குள்ளேயே நிற்கிறது. முதல் சில வருஷம் பளபளவென்று இருக்கும். பிறகு ஒரு நாள் தட்டிப் பார்த்தால் பொத்தென்று சத்தம் வரும், பூச்சைப் பெயர்த்தால் அதோடு செங்கல்லின் முகமும் தகடு தகடாகக் கழன்று வரும், உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். 'புதுப்பித்த' எத்தனையோ கட்டடங்கள் இப்படித்தான் கெட்டுப்போயிருக்கின்றன. எனக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறு எதுவும் இல்லை. வீடு என்று வந்துவிட்டால் தினமும் குளியல், சமையல், துணி உலர்த்துவது என்று நீராவி இன்னும் கூடும், ஆகவே சுண்ணாம்புப் பூச்சும் காற்றோட்டமும் அங்கே இரட்டிப்பாகத் தேவை.

இன்னொன்று, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஊரார் காசு போட்டுக் கட்டிய கூடத்தில் இனி ஊரார் நுழைய முடியுமா? விளம்பரத்தில் 'கூடம் பொதுப் பயன்பாட்டுக்கு' என்று இருக்கும். வீடுகள் விற்று முடிந்து குடியிருப்போர் சங்கம் வந்த பிறகு, சத்தம், வண்டி நிறுத்தம், பாதுகாப்பு என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லிப் பூட்டு விழும். குடியிருப்பவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் வாங்கியது வீடு. ஆகவே வாரத்தில் எந்த நாட்கள், எத்தனை மணி வரை, சாவி யாரிடம், பராமரிப்புச் செலவு யாருடையது என்பதெல்லாம் விற்பனைப் பத்திரத்திலேயே ஏற வேண்டும். நன்கொடையாளர் பெயர் பொறித்த கல் எங்கே இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், முதலில் காணாமல் போவது அதுதான்.

உங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு திட்டத்தைப் பற்றிச் செய்தி போடும்போது, அவர்கள் தரும் முகப்புப் படத்தோடு நிறுத்திவிடாமல், உள்தள வரைபடத்தையும் கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் வரைபடத்தையும் கேட்டு வாங்கிப் பக்கத்திலேயே போடுங்கள். ஜன்னலின் நடுவில் தளம் ஓடுகிறதா என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள். தர மறுத்தால், மறுத்தார்கள் என்று போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்