ஃபிட்ஸ்ராய்க்கு ஒரே ஒரு வரியா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் டார்வின் கட்டுரை அருமை. படங்கள் அதைவிட அருமை. நடுவில் ராபர்ட் ஃபிட்ஸ்ராயைப் பற்றி ஒரு வரி: "பைபிளைத் தூக்கிக்கொண்டு டார்வினோடு சண்டைக்குப் போன கப்பல் கேப்டன், பிற்காலத்தில் வானிலைக் குறி சொல்லிப் பிழைத்தார்." ஐம்பத்தொன்பது வருட வாழ்க்கையை ஒரே வரியில் முடித்த உங்கள் கட்டுரையாளரின் சிக்கனத்தை மெச்சுகிறேன்.

பிழைத்தாராமே! டார்வினை ஏற்றிப் போன பீகிள் கப்பலில் இருந்த 22 குரோனோமீட்டர்களில் (கடலிலும் நேரம் பிசகாத கடிகாரங்கள்) சிலவற்றைச் சொந்தக் காசில் வாங்கியவர் அவர். நியூசிலாந்தில் ஆளுநராக இருந்தபோது, மாவோரி மக்களோடு நிலத்துக்காக நடந்த வைராவ் மோதலில் தப்பு வெள்ளைக்காரக் குடியேறிகள் பக்கம்தான் என்று சொல்லி அவர்களின் பகையைச் சம்பாதித்தவர். 1865-இல் வைஸ் அட்மிரலாக இருந்தவர் தற்கொலை செய்துகொண்டபோது சொத்தெல்லாம் கரைந்திருந்தது. குடும்பத்துக்காக நண்பர்கள் நிதி திரட்டினார்கள். டார்வினும் 100 பவுன் கொடுத்தார். 1860-இல் டார்வினின் பரிணாமக் கொள்கையை விவாதித்த ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில் பைபிளைத் தூக்கிக் காட்டியது உண்மைதான். உங்கள் ஆளுக்கு அந்த ஒரு மத்தியானம் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

தங்களுக்குத் தெரியாததல்ல. 1859 அக்டோபரில், மெல்போர்னிலிருந்து லிவர்பூல் வந்துகொண்டிருந்த ராயல் சார்ட்டர் கப்பல் வேல்ஸின் ஆங்கிள்சி தீவுக் கரையோரம் புயலில் உடைந்து நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதன் பிறகுதான், தந்தியில் வரும் காற்றழுத்த விவரத்தை வைத்து 1861 பிப்ரவரியில் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்ப ஆரம்பித்தார் ஃபிட்ஸ்ராய். கம்பத்தில் கூம்பும் உருளையும். கூம்பின் முனை மேலே இருந்தால் வடக்கிலிருந்து புயற்காற்று, கீழே இருந்தால் தெற்கிலிருந்து. அதே ஆண்டு ஆகஸ்டில் டைம்ஸ் நாளிதழில் அவருடைய வானிலை முன்னறிவிப்பு வெளிவந்தது. அச்சிட்ட பத்திரிகையே பிறகு கேலியும் செய்தது. அன்றைக்கும் பத்திரிகைக்காரர்கள் பத்திரிகைக்காரர்கள்தான்.

அவர் போனதும் ஒரு குழு போட்டு, அறிவியல் ஆதாரம் போதாது என்று 1866 டிசம்பரில் எச்சரிக்கையை நிறுத்தினார்கள். கடலோடிகளா விடுவார்கள்? கூம்பைத் திரும்ப ஏற்ற வேண்டியதாயிற்று. கல்கத்தாவில் தொடங்கி நம் துறைமுகங்களுக்கும் அந்த ஏற்பாடு வந்து சேர்ந்தது.

சிறு துறைமுகம் ஒன்றில் அந்த ஏற்பாட்டின் வாரிசான புயல் எச்சரிக்கைக் கூண்டை ஏற்றி இறக்கியே ஓய்வு பெற்றவன் நான். அடைமழையில் நனைந்து ஏற்றிவிட்டு வந்தால் புயல் ஆந்திராப் பக்கம் திரும்பிவிடும். மறுநாள் டீக்கடையில், "கூண்டு ஏத்துனீங்களே அண்ணே, புயல எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்பார்கள். லாஞ்சு முதலாளிகள் தொழிலுக்குப் போகாத நாளின் நட்டத்தை என்னிடமே கணக்குச் சொல்வார்கள். கூண்டைப் பார்த்து வலையைக் கரையில் போட்டு உயிரோடு இருக்கிறவனை எந்தப் பத்திரிகையும் பேட்டி எடுத்ததில்லை.

தங்கள் இதழும் சளைத்ததல்ல. 11-ஆம் எண் கூண்டுக்கு "உச்சகட்டப் புயல்" என்று ஒருமுறை பெட்டிச் செய்தி போட்டீர்கள். எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதுதான் ஐயா 11. பெரும் அபாயத்துக்கு 10. அன்றே எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. போதாக்குறைக்கு, ஒவ்வொரு புயலுக்கும் அதே பழைய கூண்டுப் படம். அதில் ஏறியிருப்பது எந்த எண் என்று யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

பிரிட்டனில் 2002-இல் கடல் வானிலை அறிக்கையில் வரும் ஃபினிஸ்டெர் கடற்பகுதிக்கே ஃபிட்ஸ்ராய் என்று பெயர் மாற்றினார்கள். அவ்வளவெல்லாம் நான் கேட்கவில்லை. ஐப்பசி பிறப்பதற்குள் 11 எண்களுக்கும் சரியான விளக்கத்தைக் கால் பக்கத்தில் போடுங்கள், போதும். இடமில்லை என்றால் ராசிபலனைக் கொஞ்சம் சுருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
நாகப்பட்டினம் மாவட்டம்