மாறிலி மாறுகிறதா? நண்பருக்கு ஒரு கடிதம்

கோட்டூர்புரம்,
சென்னை.

அன்பு நண்பர் முருகேசனுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். அண்டத்தின் விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல் வலுவிழந்து வருகிறதாமே, உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். உண்மையாக இருக்கலாம், ஆனால் இன்னும் உறுதியாகவில்லை.

அண்டத்தின் விரிவு வேகமெடுத்து வருவதை 1998-இல் சூப்பர்நோவாக்களை (வெடித்துச் சிதறும் விண்மீன்களை)க் கொண்டு கண்டறிந்தபோது, 1917-இல் ஐன்ஸ்டைன் தம் சமன்பாட்டில் சேர்த்துப் பின்னர் கைவிட்ட மாறிலியே அதற்கு எளிய விளக்கமாக அமைந்தது. வெளி எவ்வளவு விரிந்தாலும் ஒரு கன மீட்டரில் உள்ள அந்த ஆற்றல் கூடவோ குறையவோ செய்யாது என்பதே அதன் பொருள். இப்போது ஐயம் எழுந்திருப்பது இதன் மேல்தான்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிட் பீக் மலைமேல் உள்ள 4 மீட்டர் தொலைநோக்கியில் டெசி என்ற கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள். அதில் உள்ள 5,000 ஒளியிழைகளில் ஒவ்வொன்றையும் ஒரு சிறு ரோபோ, தனக்குரிய விண்மீன் மண்டலத்தின் ஒளி விழும் புள்ளிக்கு நகர்த்தி நிறுத்துகிறது. அண்டத்தின் இளம்பருவத்தில் சூடான வாயுவில் ஓடிய ஒலியலைகள், இன்றைய கணக்கில் ஏறத்தாழ 49 கோடி ஒளியாண்டு நீளமுள்ள ஒரு தடத்தை மண்டலங்களின் பரவலில் விட்டுச் சென்றுள்ளன. அதையே அளவுகோலாகக் கொண்டு, எந்தக் காலத்தில் அண்டம் எவ்வளவு விரிந்திருந்தது என்று கணக்கிடுகிறார்கள். 1.4 கோடிக்கும் மேற்பட்ட மண்டலங்களையும், மிகத் தொலைவில் பேரொளி வீசும் மண்டல மையங்களான குவாசர்களையும் ஆராய்ந்து 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவு, மாறிலிக்குச் சற்றுப் பாதகமாகவே இருக்கிறது. டெசியின் அளவுகள் தனியாக மாறிலியோடு ஒத்துப்போகின்றன. அண்டத்தின் இளம்பருவத்திலிருந்து எஞ்சியுள்ள அண்டப் பின்னணிக் கதிர்வீச்சின் அளவுகளோடு சேர்த்தால் 3.1 சிக்மா விலகல் தெரிகிறது (சிக்மா கூடக் கூட, அது வெறும் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும்). சூப்பர்நோவாக்களையும் சேர்த்தால், அவற்றின் மூன்று தொகுப்புகளில் எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது 2.8 முதல் 4.2 வரை மாறுகிறது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 வேண்டும்.

என்னை உறுத்துவது இந்த ஏற்ற இறக்கம்தான். நம் மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகர் கணக்கிட்ட நிறை வரம்பை ஒட்டி வெடிக்கும் வெண்குறு விண்மீன்களே (எரிபொருள் தீர்ந்து சுருங்கியவை) இந்தச் சூப்பர்நோவாக்கள்; அவை ஏறக்குறைய ஒரே அளவில் ஒளிர்வதால்தான் அவற்றை நம்பித் தொலைவை அளக்கிறோம். (இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது.) ஆனால் அருகில் உள்ளவற்றைப் பழைய தொலைநோக்கிகளும் தொலைவில் உள்ளவற்றைப் புதியவையும் அளந்திருப்பது, இரண்டு கடைகளின் தராசுகளில் நிறுத்த எடைகளை ஒப்பிடுவது போன்றது. 4.2 என்ற எண்ணைத் தந்த தொகுப்பையே அதன் குழுவினர் மீண்டும் சீர்செய்தபோது அது 3.2 ஆகக் குறைந்தது. ஆகவே, சூப்பர்நோவாக்களைச் சாராத அந்த 3.1-ஐயே நான் பெரிதாக மதிக்கிறேன்.

சிலி நாட்டின் ரூபின் ஆய்வகம் அருகில் உள்ளவற்றையும் தொலைவில் உள்ளவற்றையும் ஒரே கேமராவால் அளக்கவிருப்பதால், தராசுச் சிக்கல் பெரிதும் குறையும் என்று நம்புகிறேன். இதற்கிடையில் ஒன்று கேட்க வேண்டும்: மூன்று தொகுப்புகள் மூன்று எண்களைத் தரும்போது பெரியதை மட்டும் எடுத்துப் பேசுவது முறையாகுமா? இத்தனை ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவர் நீங்கள், விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
இராமநாதன்