துணைவேந்தர் யாருங்கிறது இருக்கட்டும், கணக்கு எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

துணைவேந்தர் நியமனம் பத்தி உங்க பேப்பர்ல முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. கவர்னருக்கு அதிகாரமா, கவர்மென்டுக்கு அதிகாரமான்னு ரெண்டு தரப்பு வாதமும் நல்லாத்தான் வந்திருந்தது, குறை சொல்லல. ஆனா அந்தப் பக்கம் பூரா தேடியும் பணம்ங்கிற வார்த்தையே கண்ணுல படல. நான் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்துல கணக்குப் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவன், எந்தப் பல்கலைன்னு வேண்டாம், அதனால கண்ணு தானா அங்கதான் போகுது. இது நீளமான கடிதம், வெட்டிப் போட்டாலும் பரவாயில்ல, பென்ஷன் பத்தின பாராவை மட்டும் விட்டுடாதீங்க.

2024 பிப்ரவரில சென்னைப் பல்கலைக்கழகத்தோட 37 பேங்க் அக்கவுண்ட்டை வருமான வரித்துறை முடக்கினாங்களே, ஞாபகம் இருக்கும். 424 கோடி ரூபா வரி பாக்கின்னு சொன்னாங்க. 1857ல ஆரம்பிச்ச பல்கலைக்கழகத்துக்கு இந்த நிலைமையான்னு எல்லாரும் உச்சு கொட்டிட்டு அடுத்த செய்திக்குப் போயிட்டாங்க, எதுக்கு வரி வந்துச்சுன்னு யாரும் உட்கார்ந்து விளக்கல. விஷயம் இதுதான். அரசாங்கத்தோட காசுல நடக்கற கல்வி நிறுவனத்துக்கு வருமான வரி கிடையாது, ஆனா மொத்த வரவுல பாதிக்கு மேல அரசாங்கம் தரணும், தந்தாத்தான் அந்த விலக்கு. இங்க மாநில அரசு வருஷா வருஷம் மானியத்தைக் குறைச்சுக்கிட்டே வந்ததுல அது பாதிக்குக் கீழ போயிடுச்சு, உடனே வருமான வரித்துறை, நீங்க அரசாங்கப் பணத்துல நடக்கற நிறுவனம் இல்ல, வரி கட்டுங்கன்னுட்டாங்க. அதாவது ஒரு சர்க்கார் காசு தரல, தராத காரணத்துக்காக இன்னொரு சர்க்கார் வரி கேக்குது! நடுவுல மாட்டிக்கிட்டது யாருன்னா ஒண்ணாம் தேதி சம்பளத்தை நம்பி இஎம்ஐ கட்டற குமாஸ்தாவும், ஃபெலோஷிப்புக்குக் காத்திருக்கற ஆராய்ச்சி மாணவரும்.

சரி, மானியத்தை ஏன் குறைச்சீங்கன்னு கேட்டா அரசாங்கம் ஒரு பதில் வச்சிருக்கு, தணிக்கைத் தடை, அதாவது ஆடிட்ல எழுப்பற ஆட்சேபம். லோக்கல் ஃபண்ட் ஆடிட்டுன்னு நாங்க சொல்றது, உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை, அவங்கதான் பல்கலைக்கழகக் கணக்கையும் பார்ப்பாங்க. சாங்ஷன் இல்லாத போஸ்ட்ல ஆள் போட்டிருக்கீங்க, தகுதி வர்றதுக்கு முன்னாடியே ப்ரமோஷன் குடுத்திருக்கீங்க, அட்வான்ஸ் எடுத்துட்டு பில் வைக்கலன்னு பாரா பாராவா எழுதிட்டுப் போவாங்க. அதுல நெறைய நியாயமானதுதான், நானே பார்த்திருக்கேன், சிண்டிகேட்ல, அதான் பல்கலைக்கழக ஆட்சிக்குழுல, முன்கூட்டியே சொல்லாம கூட்டத்தன்னிக்கு டேபிள் அஜெண்டாவா வச்சு அஞ்சு நிமிஷத்துல பாஸ் பண்ண வேலையெல்லாம் உண்டு. ஆனா அதுக்கப்புறம் நடக்கறதுதான் கூத்து. நாங்க பதில் அனுப்புவோம், பதில் ஏற்கத்தக்கதல்லன்னு திரும்பி வரும், ரெண்டு தரப்பும் உட்கார்ந்து பேச ஜாயின்ட் சிட்டிங்னு ஒண்ணு போடுவாங்க, அன்னிக்குன்னு பார்த்து முடிவெடுக்கற அதிகாரி லீவு, பாரா அப்படியே நிலுவைல கிடக்கும், அடுத்த வருஷ ரிப்போர்ட்ல அதே பாரா புது நம்பரோட வந்து நிக்கும், அதைக் காட்டி மானியத்துல கழிப்பாங்க. தப்பான போஸ்ட்டிங் போட்ட துணைவேந்தர் எப்பவோ காலம் முடிஞ்சு போயிருப்பாரு, அவர்கிட்ட யாரும் ஒரு ரூபா கேக்க மாட்டாங்க. ஆனா ஃபைல் நகர்த்துன செக்‌ஷன் சூப்பரின்டெண்டென்ட் ரிட்டயர் ஆகற அன்னிக்கு அவர் பேர்ல தணிக்கைத் தடை நிலுவைல இருக்குன்னு கிராஜுவிட்டியை நிறுத்தி வைப்பாங்க. என்கூட வேலை பார்த்தவங்கள்ல சிலபேர் அந்தப் பணத்தைக் கண்ணால பார்க்காமலே போய்ச் சேர்ந்தாங்க.

வரவுப் பக்கமும் ஒண்ணும் சுகமில்ல. அஃபிலியேஷன் ஃபீஸ் (காலேஜுங்க பல்கலைக்கழகத்தோட இணையறதுக்குக் கட்டறது), பரீட்சை ஃபீஸ், தொலைதூரக் கல்வி, இந்த மூணுதான் பல்கலைக்கழகங்களோட சொந்த வருமானம். கோவைல பாரதியார், திருச்சில பாரதிதாசன் 1982ல வந்தது, 1990ல திருநெல்வேலில மனோன்மணியம் சுந்தரனார், 2002ல வேலூர்ல திருவள்ளுவர்னு புதுசு புதுசா வந்தது நல்லதுதான், தப்பே இல்ல, ஆனா ஒவ்வொரு தடவையும் காலேஜுங்க பிரிஞ்சு போச்சு, கூடவே ஃபீஸும் போச்சு, பென்ஷன்காரங்க மட்டும் தாய்ப் பல்கலைக்கழகத்துலயே தங்கிட்டாங்க. கூட்டுக்குடும்பத்துல பாகம் பிரிக்கறப்ப நிலத்தை எல்லாரும் எடுத்துக்கிட்டு கடனை மட்டும் பெரியவன் தலைல கட்டுவாங்களே, அதேதான். அப்புறம் தொலைதூரக் கல்வி. மதுரை காமராசர், அண்ணாமலை எல்லாம் வெளிமாநிலம் வரைக்கும் ஸ்டடி சென்டர் போட்டு அதுல வந்த காசுலதான் ரொம்ப நாள் ஓட்டினாங்க, எல்லையத் தாண்டி நடத்தக் கூடாதுன்னு யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, கையப் புடிச்சதும் ஊத்து வத்திப்போச்சு. போதாக்குறைக்கு 2024 செப்டம்பர்ல ஜிஎஸ்டி கவுன்சில், அஃபிலியேஷன் கட்டணத்துக்கு 18 சதவீதம் வரி உண்டுன்னு தெளிவுபடுத்திட்டாங்க.

இப்ப பென்ஷன். அரசு ஊழியருக்கு டிரஷரில இருந்து பென்ஷன் வரும், பல்கலைக்கழக ஊழியருக்கு அப்படி இல்ல, பல்கலைக்கழகமே தன்னோட ஃபண்ட்ல இருந்துதான் தரணும். வேலைல இருக்கறவங்க எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வருது, காலி இடத்துக்கு கௌரவ விரிவுரையாளரைப் போட்டு ஒப்பேத்தறாங்க (யுஜிசி 2019ல மாசம் 50,000 வரைக்கும் தரலாம்னு சொன்னாங்க, அது முழுசாக் கிடைச்ச ஒரு ஆளை நான் இன்னும் பார்க்கல), ரிட்டயர் ஆனவங்க எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுது. பென்ஷன் ஃபண்ட்ல போட வேண்டிய தொகையைப் போடாம அந்த மாச சம்பளத்துக்கு எடுத்துக்கிட்டா அது அன்னிக்கு யாருக்கும் வலிக்காது, எங்க ஆபீஸ்ல அதுக்கு அட்ஜஸ்ட்மென்டுன்னு பேர். எண்டோமென்ட் பணம் (நன்கொடையா வந்த அறக்கட்டளைப் பணம்), ப்ராஜெக்ட் பணம் எல்லாம் இதே வழிலதான் போகும், திரும்பி வராது. மதுரை காமராசர்ல சம்பளமும் பென்ஷனும் மாசக்கணக்கா நின்னு, வயசானவங்க பல்கலைக்கழக வாசல்ல உட்கார்ந்து போராடினது எல்லாரும் பார்த்ததுதான். பென்ஷனை டிரஷரிக்கு மாத்துங்கன்னு எவ்வளவு காலமா சங்கங்கள் கேக்குது, அதுக்கு எந்த கட்சி ஆட்சிலயும் நேரா ஒரு பதில் கிடையாது.

இவ்வளவு இருக்க, சண்டை எதுக்கு நடக்குதுன்னு பாருங்க. துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்கற தேடல் குழுல யுஜிசி ஆள் இருக்கணும், இருக்கக்கூடாதுன்னு இழுத்து சென்னைப் பல்கலைல 2023 ஆகஸ்ட்ல காலியான துணைவேந்தர் நாற்காலி காலியாவே கிடந்து, துணைவேந்தருக்குப் பதிலா கன்வீனர் கமிட்டின்னு ஒரு குழு வச்சு ஓட்டினாங்க. 2025 ஏப்ரல் 8ல சுப்ரீம் கோர்ட், கவர்னர் நிறுத்தி வச்சிருந்த பத்து மசோதாவும் ஒப்புதல் ஆனதாவே அர்த்தம்னு தீர்ப்பு சொன்னாங்க, கவர்மென்ட் பக்கம் பட்டாசு. மே 21ல ஹைகோர்ட் துணைவேந்தர் நியமன அதிகாரத்தைக் கவர்னர்கிட்ட இருந்து கவர்மென்டுக்கு மாத்தற பிரிவுகளுக்கு தடை போட்டாங்க, கவர்னர் பக்கம் பட்டாசு. நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதி அமர்வு கவர்னருக்குக் கோர்ட் கெடு வைக்க முடியாதுன்னு கருத்து சொன்னாங்க, மறுபடியும் பட்டாசு. இதுல ஜெயிக்கறவங்க கைல வரப்போறது காலி கஜானாங்கிறது ரெண்டு பேருக்குமே தெரியும்.

கவர்னர் போட்டா சுத்தம், கவர்மென்ட் போட்டா ஜனநாயகம்னு பேசறவங்க ரெண்டு தரப்புக்கும் ஒண்ணு ஞாபகப்படுத்தறேன். 2018 பிப்ரவரில பாரதியார் பல்கலை துணைவேந்தரையே உதவிப் பேராசிரியர் வேலைக்கு லஞ்சம் வாங்கினார்னு விஜிலென்ஸ் கைது பண்ணாங்க. கவர்னருங்கிற முறைல பல்கலைக்கழகங்களுக்கு வேந்தரா இருந்த பன்வாரிலால் புரோகித் அதே வருஷம் துணைவேந்தர் பதவிக்குக் கோடிக்கணக்குல கை மாறிச்சுன்னு மேடைல சொன்னாரு, பஞ்சாப் போனப்புறம் 2022ல 40, 50 கோடின்னு தொகையே சொன்னாரு. சரி, குடுத்தது யாரு, வாங்கினது யாரு? வேந்தர் நாற்காலில உட்கார்ந்திருந்தவரே சொல்றாரு, ஒரு பேர் கூட வெளிய வரல. அண்ணாமலைல 2013ல அரசே நேரடியா எடுத்துக்கிட்டு ஐஏஎஸ் அதிகாரியை அட்மினிஸ்ட்ரேட்டரா போட்டாங்க, உபரி ஆட்களை மத்த காலேஜுங்களுக்கு அனுப்பினாங்க, பணக் கஷ்டம் இன்னமும் தீரல. அண்ணா பல்கலைல 2024ல ஊழலை எதிர்த்து வேலை செய்யற அறப்போர் இயக்கம் சொன்னப்புறம்தான் ஒரே ஆசிரியர் ஒரே நேரத்துல பல இன்ஜினியரிங் காலேஜ்ல வேலை பார்க்கறதா கணக்குல இருக்கறது தெரிஞ்சுது, இன்ஸ்பெக்‌ஷன் போன குழு எல்லாம் டீ குடிச்சிட்டு வந்தாங்க போல. வெளில ஒரு சின்ன இயக்கம் இணையத்துல கிடந்த பட்டியலை ஒப்பிட்டுக் கண்டுபிடிச்சதை உள்ள இருக்கறவங்களால ஏன் கண்டுபிடிக்க முடியல?

அதனால என்னோட கோரிக்கை ரொம்பச் சின்னது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் பட்ஜெட், வரவு செலவு, ஆடிட் ரிப்போர்ட், சிண்டிகேட் மினிட்ஸ் எல்லாத்தையும் வெப்சைட்ல போடணும், யாரும் கேக்காமலே போடணும், 2005 ஆர்டிஐ சட்டத்துல 4வது பிரிவே அதைத்தான் சொல்லுது. தணிக்கைத் தடைக்குப் பொறுப்பு கையெழுத்துப் போட்ட பெரிய ஆள்ல இருந்து ஆரம்பிக்கணும், சூப்பரின்டெண்டென்ட்ல இருந்து இல்ல.

உங்க நிருபர்கள் அடுத்த தடவை கவர்னர் மாளிகை வாசல்ல மைக்கோட நிக்கறப்ப ஒருத்தரை மட்டும் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்து ஃபைனான்ஸ் ஆபீசர் ரூமுக்கு அனுப்பி வைங்க. கடைசியா ஆடிட் முடிஞ்சது எந்த வருஷத்துக்கு, பென்ஷன் ஃபண்ட்ல எவ்வளவு இருக்கணும், எவ்வளவு இருக்கு, இதை மட்டும் கேட்டா போதும். பதில் சொன்னா முதல் பக்கத்துல போடுங்க. சொல்லலைன்னா அதையும் முதல் பக்கத்துலயே போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவு ஊழியர்,
கும்பகோணம்.