மனநல மாத்திரையும் வீடு தேடி வரட்டும்

ஆசிரியருக்கு,

மனநலச் சிகிச்சை குறித்த தங்கள் தலையங்கம் படித்தேன். மனநோய் உள்ளவர்களில், நோயின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை என்றது 2015-16 தேசிய மனநல ஆய்வு. தயக்கத்தையே காரணம் சொல்கிறோம், மருத்துவமனையின் தொலைவைப் பேசுவதில்லை. மனச்சிதைவுக்கு மருந்து எடுக்கும் என் தம்பியை மாதந்தோறும் இரண்டு பஸ் மாறி அழைத்துச் செல்கிறேன்; அன்றைய கூலி போய்விடும். நடவு நேரத்தில் ஒரு மாதம் தவறியது. மூன்றாம் வாரமே இரவெல்லாம் தூங்காமல் முற்றத்தில் நடக்கத் தொடங்கிவிட்டான்.

அதே வீட்டில் அம்மாவின் சர்க்கரை மாத்திரையை, 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர் வாசலில் வந்து தருகிறார். நோய் கட்டுக்குள் இருப்பவர்களின் மனநல மாத்திரையையும், மருத்துவரின் சீட்டுப்படி, அந்தப் பையிலேயே சேர்த்து அனுப்ப அரசு உத்தரவிட வேண்டும்.

- ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்