போங்காட்டம் என்று சொன்னாயே

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது, பதில் போட முடியவில்லை. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், சொட்டு மருந்து இரண்டு மணிக்கு ஒருமுறை, பெரியவள் பிளஸ் டூ, வீடே ஒரு டைம்டேபிளாக ஓடுகிறது. அப்பா இப்போது காலண்டரில் இருக்கும் சின்ன எழுத்தைக்கூடப் படித்துக் காட்டி எல்லோரையும் படுத்துகிறார். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றினாயா, இல்லை இன்னும் அந்த பிளாஸ்டிக் சேர்தானா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'ஹாஸ்டலில் நீ எடிட்டரைத் திறந்த அன்றே தோற்றுவிட்டாய்' என்று எழுதியிருக்கிறாய். இருபத்தைந்து வருஷம் கழித்தும் இதை விடமாட்டாயா? ஐந்து சிடியை மாற்றி மாற்றிப் போட்டு பால்டர்ஸ் கேட் என்கிற கம்ப்யூட்டர் கேம் ஆடிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு ட்வார்ஃப் பாலடின், அதாவது குள்ளர் இனத்துப் புனித வீரன், வேண்டும் என்று தோன்றியது. குட்டையாக, தாடியோடு, வாக்குத் தவறாத ஆள். ஆட்டம் விடவில்லை. அந்த கேமுக்கு அடிப்படையான, மேசையில் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இரண்டாம் பதிப்பு விதிப்படி மனிதர்கள் மட்டும்தான் பாலடின் ஆகலாம். அதனால் சேவ் ஃபைலைத் திருத்தும் எடிட்டரில் இனத்தை மட்டும் மாற்றினேன், பலத்தையோ உயிர்ப்புள்ளியையோ தொடவில்லை. நீ விங் முழுக்க 'போங்கு போங்கு' என்று கத்திக்கொண்டு போனாய்.

இப்போது கேள். 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அந்தத் தடையையே எடுத்துவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் பாலடின் ஆகலாம். ஆக, 1999-இல் நான் செய்த குற்றம் அடுத்த வருஷமே குற்றமில்லை! முன்தேதியிட்டு எனக்கு மன்னிப்பு உண்டா, சொல்.

அப்புறம் நீ என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? உன் ஃபைட்டருக்கு, அதாவது சண்டைக்காரனுக்கு, பலம் உச்சமான 18/00 வேண்டும் என்று மெஸ் மூடுகிற நேரத்திலிருந்து நடுராத்திரி வரை எண்களைப் புதிதாக உருட்டித் தரும் ரீரோல் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தாய். நல்லதாக ஒன்று வந்தால் ஸ்டோர் பண்ணி வைத்துவிட்டு மறுபடியும் அமுக்கல். பொத்தானை ஆட்டமே கொடுத்தது, உண்மைதான். ஆனால் மேசையில் உட்கார்ந்து பகடை உருட்டி ஆடியிருந்தால் முந்நூறு முறை உருட்ட யாராவது உன்னை விட்டிருப்பார்களா? விதிக்குள் நின்றுகொண்டே நீ செய்ததுதான் எனக்குப் பெரிய போங்காகத் தெரிந்தது. அன்று அதைச் சொல்லத் தெரியவில்லை, உன் குரல் பெரிது.

இத்தனை வருஷம் கழித்து பால்டர்ஸ் கேட் 3 ஆடும்போது இன்னொன்று புரிந்தது. விதியை வளைப்பது முதலில் ஆட்டத்தைச் செய்தவர்களேதான். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்புப் புத்தகத்தில் சண்டையில் மருந்து குடித்தால் உன் முறைக்கு உரிய முழு ஆக்‌ஷன் போய்விடும், இந்த ஆட்டத்தைச் செய்த லாரியன்காரர்கள் அதை, முழு முறையைத் தின்னாத, போனஸ் ஆக்‌ஷன் ஆக்கிவிட்டார்கள். மந்திரச் சுருளைப் போர்வீரனோ மந்திரவாதியோ, எந்த வகுப்புக்காரனும் எடுத்துப் படிக்கலாம். விதர்ஸ் என்கிற கிழட்டு எலும்புக்கூடு நூறு பொன் வாங்கிக்கொண்டு உன் வகுப்பையே மாற்றித் தருகிறது, அந்த நூறையும் அதன் பையிலிருந்தே திருப்பித் திருடிக்கொள்ளலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு என் பாலடினின் தாடியில் வந்து நிற்கிறாயே.

இந்தப் பதிப்பில் ட்வார்ஃப் பாலடினை ஆட்டமே கொடுக்கிறது. அதே ஆளைத்தான் மறுபடி செய்தேன். ஆட்டத்தின் தொடக்கப் பகுதியில் ட்ரூயிட் என்கிற காட்டுச் சாமியார்களின் தோப்பில் அரபெல்லா என்று ஒரு சின்னப் பெண், சிலையைத் திருடிவிட்டாள் என்று அங்கே அதிகாரம் பண்ணும் ககா பிடித்து வைத்திருப்பாள், பாம்பு வேறு காவல். என் ஆள் பேசிப் பார்த்தான். இருபது முகப் பகடை உருண்டு 1 விழுந்தது. மறுபடி உருட்ட விடும் இன்ஸ்பிரேஷன் புள்ளியும் கையில் இல்லை. பாம்பு கடித்தது, பிள்ளை போய்விட்டாள்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவள், "லோட் பண்ணுங்கப்பா" என்றாள். எஃப்8 ஒரு தட்டு, பழைய சேவ் திரும்பி வந்துவிடும், அவ்வளவுதான் வேலை. கையும் போனது. இதில் கூத்து என்னவென்றால், பேச்சுச் சோதனையில் 1 விழுந்தாலே தோல்வி என்பதே புத்தக விதி இல்லை, லாரியன் சேர்த்த வீட்டு விதி. மேசையில் 1 விழுந்தாலும் ஆளின் திறமைக்கான கூட்டல் எண்களைச் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். என்னிடம் காரணம் தயாராக இருந்தது, சட்டமும் என் பக்கம். ஆனாலும் தட்டவில்லை. அவன் யார் என்பதை ஆட்டம் தொடங்குமுன் நான் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்வேன், அதற்கு ஒருவரிடமும் அனுமதி கேட்கமாட்டேன். நடந்துவிட்டதை அழித்து எழுத மட்டும் எனக்கு மனசு வரவில்லை. அழித்துவிட்டால் அவன் வாக்குத் தவறாத ஆள் என்பதற்கே அர்த்தம் போய்விடுகிறது, எதற்கும் அவன் விலை கொடுக்க வேண்டியதில்லையே.

இது என் கிறுக்கு, ஊருக்கெல்லாம் சட்டமில்லை. நீ ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து நாற்பது நிமிஷம் ஆடுகிறவன், நூறு முறை லோட் பண்ணு, எவன் கேட்பது? எங்கள் அப்பத்தா மதியத்தில் தனியாகப் பல்லாங்குழியை வைத்துக்கொண்டு சீதைப் பாண்டி ஆடும். எதிரில் ஆளே இல்லாத ஆட்டம், முத்து சரியாக விழாவிட்டால் அள்ளி மறுபடி போட்டுக்கொள்ளும். அதை அழுகுணி என்று நாங்கள் சொன்னதில்லை.

ஒரே இடத்தில்தான் நான் கறார். ஹானர் மோட் என்கிற கடினமான முறையில் ஒரே ஒரு சேவ், பழையதற்குத் திரும்ப முடியாது, முடித்தால் பரிசாகத் தங்கப் பகடை. அந்த சேவ் ஃபைலைத் தனியாக நகல் எடுத்து வைத்து, செத்தபோதெல்லாம் திரும்பப் போட்டு முடித்துவிட்டு, தங்கப் பகடையைப் படம் எடுத்து நம் குரூப்பில் போட்டாயே, அது போங்கு. ஆடியது இல்லை, போட்டது. நான் நம்பி இரண்டு கைதட்டல் பொம்மை வேறு அனுப்பினேன். அதைத் திருப்பிக் கொடு.

பொங்கலுக்கு ஊருக்கு வருவாய்தானே? அப்பா உன்னைக் கேட்டார், 'அந்தச் சத்தம் போடுற பையன்' என்று. லேப்டாப்பையும் எடுத்து வா. என் பாலடின் இன்னும் தோப்பிலேயே நிற்கிறான். வெளியே அரபெல்லாவின் அப்பா அம்மா காத்திருக்கிறார்கள், போய்ச் சொல்ல வேண்டும், மூன்று நாளாகத் திறக்கவே இல்லை.

உன்,
பழைய அறைத்தோழன்