அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றி

ஹெல்மண்ட், நெதர்லாந்து,
ஞாயிறு இரவு

அன்பு மகளே,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மழை மட்டும் விடவில்லை.

போன வாரம் இங்கிலாந்தில், கோவென்ட்ரியில் அந்த இசை அருங்காட்சியகத்தின் வாசலில் நின்று போன் செய்தாய். "அப்பா, உங்க ஸ்கா பேண்டோட பூர்வீக வீடு இங்கதான் இருக்கு" என்றாய். சந்தோஷத்தில் நானும் ஏதேதோ பேசினேன். அப்புறம் போனை வைக்கப்போகும் நேரத்தில், ரொம்ப சாதாரணமாக, "என் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு நிஜமாவே வேன் ரிப்பேர் ஆனதாலதான் வரலையா?" என்று கேட்டாய். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் தூக்கம் சரியில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் டச்சில் எழுதினால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே முடித்துவிடுவேன். சனிக்கிழமைதோறும் அம்மா உன்னை உட்காரவைத்து அ, ஆ எழுதவைத்தது இதற்கும் உதவட்டும்.

வேன் பழுதானது உண்மை. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. மற்றதைச் சொல்ல, நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாகர்கோவிலில் தாத்தா இரட்சணிய சேனை பேண்டில் வாசித்தார் என்பது உனக்குத் தெரியும். பதினோரு வயதில் அவர் என் கையில் டிராம்போனைக் கொடுத்தார். அதன் குழலை முழுக்க நீட்டினால் ஏழாவது நிலை வரும். என் கை அதுவரை எட்டாது. அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் வாசிக்காமல் நின்றுவிட்டு, அடுத்ததில் சேர்ந்துகொள்வேன். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவுகளில் தெருத்தெருவாகப் போவோம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பித்தளை மின்னும். ஒரு வரிசையில் நின்று எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுப்போமே, அந்தச் சத்தம்தான் எனக்கு இசையில் முதல் சத்தம்.

1992இல் வேலைக்காக இங்கே வந்தேன். வேலை பிடித்திருந்தது. ஆனால் அலுவலகத்தில் என் பெயரை யாரும் முழுதாகச் சொல்லவில்லை, பாதியாக வெட்டிக்கொண்டார்கள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எல்லார் வீட்டுத் திரைகளுக்குப் பின்னாலும் சாப்பாட்டு மேசை தெரியும். நான் தெருவில் நடந்துகொண்டிருப்பேன். ஒருநாள் அறையில் மெதுவாக டிராம்போன் ஊதினேன். கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று பயந்துவிட்டேன். அவர் கேட்டதோ, "எங்கள் ஊர் ஃபான்ஃபாரில் இரண்டு வருடமாக டிராம்போனுக்கு ஆள் இல்லை, வருகிறீர்களா?" என்று.

இந்தப் பிராபன்ட் மாகாணத்தில் ஊருக்கு ஊர் ஒரு பேண்ட், ஃபான்ஃபாரோ ஹார்மோனியோ, இருக்கும். பித்தளைக் கருவிகளும் சாக்ஸபோனும் மட்டும் என்றால் ஃபான்ஃபார், கிளாரினெட்டும் புல்லாங்குழலும் சேர்ந்தால் ஹார்மோனி. நீயும் அதில்தானே டிரம்பெட் கற்றாய்? ஒத்திகை முடிந்து காபிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, 1996இல், டிரம்பெட் வாசிக்கும் நண்பர் ஒரு கேசட்டைப் போட்டார். ஸ்கா என்ற ஜமைக்கா இசையை வாசிக்கும் ஆம்ஸ்டர்டாமின் மிஸ்டர் ரிவ்யூ இசைக்குழு 1989இல் வெளியிட்ட ஆல்பம். அதன் தலைப்பில் ஒரு தெருவின் பெயர் வரும், பிரென்ட்ஃபோர்ட் சாலை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஸ்டூடியோ ஒன் என்ற ஒலிப்பதிவுக்கூடம் இருந்த தெரு அது. ஆம்ஸ்டர்டாம் பையன்கள் கடல்தாண்டி ஒரு தெருவை நினைத்து ஆல்பம் போட்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பாட்டு ஓட ஓட என் கால் தடுமாறியது. நாம் தாளம் போடும் இடத்தில் கித்தார் இல்லை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வெட்டி வெட்டி விழுகிறது. பின்னாளில் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அரை இடத்தில் எடுக்கிற பாட்டு மாதிரி இருக்கு, ஆனா கடைசி வரைக்கும் அரை இடத்துலேயே நிக்குது" என்றாள். ஸ்காவை இதைவிடச் சரியாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

அந்தக் குளிர்காலத்திலேயே ஒன்பது பேர் சேர்ந்துவிட்டோம். ஒரு விவசாயியின் பழைய மாட்டுக்கொட்டகை, சுவரெல்லாம் முட்டை அட்டைகள், வியாழன்தோறும் இரவு எட்டு மணி. ஆளுக்கொரு பாதையில் வந்தவர்கள். கித்தார்காரர் டூ மார் குழுவின் பைத்தியம். டச்சு மொழியிலேயே ஸ்காவும் அதிலிருந்து பிறந்த ரெகேயும் பாடி நாட்டையே ஆட்டிவைத்தவர்கள் அவர்கள். 1984இல் அவர்கள் கலைந்தபோது இவருக்குப் பதின்மூன்று வயது. அறையைச் சாத்திக்கொண்டு அழுதாராம். அவர்களின் ரசிகர்கள் போடும் கண்கூசும் இளஞ்சிவப்பு, பச்சை நிறப் பட்டையை இன்றைக்கும் கித்தாரில் மாட்டுகிறார். பாடகருக்கு எல்லாமே நீ இருக்கும் ஊர்தான். 1979இல் ஜெர்ரி டேமர்ஸ் கோவென்ட்ரியில் டூ டோன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியதும், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவாக மேடையேறிய ஸ்பெஷல்ஸும் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். டிரம்ஸ் வாசிப்பவர் பங்க் என்ற வேகமான ராக் இசைப் பக்கமிருந்து வந்தவர். முதல் ஆறு மாதம் அவரை மெதுவாக வாசிக்கவைக்கவே எங்களுக்கு நேரம் சரியாக இருந்தது.

எனக்கு வந்து சேர்ந்தது ஸ்கடலைட்ஸ் என்ற ஜமைக்கா ஸ்கா குழு. கிங்ஸ்டனில் ஆல்ஃபா என்று ஒரு பள்ளி, கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் நடத்தியது. ஏழைப் பையன்களும் ஆதரவற்ற பையன்களும் அங்கே பித்தளைக் கருவிகள் கற்றார்கள். அந்தப் பள்ளியின் பேண்டில் வாசித்தவர்களில் பலர்தான் 1964இல் ஸ்கடலைட்ஸ் ஆனார்கள். இதைப் படித்த இரவு எனக்கு நெஞ்சு படபடத்தது, மக்களே. நாகர்கோவிலில் சேனை பேண்ட், கிங்ஸ்டனில் கன்னியாஸ்திரீகளின் பள்ளி, இங்கே ஊர் ஃபான்ஃபார். மூன்றிலும் ஏதோ ஒரு பெரியவர் ஒரு சின்னப் பையனின் கையில் பித்தளையைக் கொடுத்து, மூச்சை எங்கே எடுப்பது என்று சொல்லிக்கொடுக்கிறார்.

அந்தப் பள்ளியில் டான் டிரம்மண்ட் என்ற மூத்த பையன், ரிக்கோ ரோட்ரிகஸ் என்ற இளையவனுக்கு டிராம்போன் சொல்லிக்கொடுத்தான். டிரம்மண்டின் இசையை நான் கும்பிடுகிறேன். ஆனால் 1965 புத்தாண்டையொட்டி அவர் தன்னோடு வாழ்ந்த நடனக்காரியைக் கொன்றார், 1969இல் மனநல மருத்துவமனையில் செத்தார். அவர் இசையைப் பேசும்போது அந்தப் பெண்ணை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வருவதில்லை. ரிக்கோ 1961இல் இங்கிலாந்துக்குப் போனார். நிறைய காலம் கிடைத்த வேலையைச் செய்து வாழ்ந்தார். 1979இல் ஸ்பெஷல்ஸ் அவரைக் கூப்பிட்டு, ரூடி என்ற பையனுக்குப் புத்தி சொல்லும் அந்தப் பழைய பாட்டில் டிராம்போன் வாசிக்கவைத்தார்கள். உனக்குத் தெரிந்த பாட்டுதான், சமையலறையில் நீ விசிலடிப்பாயே. வேறு நாட்டில், நடுத்தர வயதில், பின்வரிசையில் நிற்கும் கருவியோடு ஒரு மனிதர் முன்னால் வந்து நிற்கிறார். அதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியவில்லை.

கச்சேரிகள் என்று சொன்னால் பெரிதாக ஒன்றுமில்லை. இளைஞர் மன்றங்கள், கார்னவல் கூடாரங்கள், ராணியின் நாள் என்ற தேசிய விழாவின் சந்தைகள், ஆம்ஸ்டர்டாமில் ஒருமுறை ஆள் புகுந்து குடியிருந்த கட்டடம் ஒன்று. கூலி, பெட்ரோல் காசு, ஒரு கிண்ணம் பட்டாணி சூப், குடிப்பதற்கான டோக்கன்கள். அந்த டோக்கன்களை நான் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். குடிக்கமாட்டேன் என்று சேனையில் உறுதிமொழி எடுத்தவன், கோலா போதும். யூரோவுக்கு முந்திய கில்டர் காலத்தில் இருநூறு கிடைத்தால் பெரிய இரவு. ஒருமுறை கேட்க வந்தவர்களைவிட மேடையில் நாங்கள் அதிகம். அன்றைக்குத்தான் மிக நன்றாக வாசித்தோம் என்று எல்லாரும் இன்றுவரை சொல்கிறோம்.

தாத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. "சாராயக்கடையில ஊதவா கத்துக்கொடுத்தேன்?" என்று கடிதம் எழுதினார். 2004 ஏப்ரலில் இங்கே வந்தபோது, ராணியின் நாளில் ஊர்ச் சதுக்கத்தில் வாசித்தோம். நீ ஆரஞ்சுப் பாவாடையில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒரு மணி நேரம் அவர் நகரவில்லை. முடிந்ததும் வந்து, "மூச்ச சரியான இடத்துல எடுக்கிற" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அவர் அதைப் பற்றிக் குறை சொன்னதே இல்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

2007 நவம்பர் 17, சனி இரவு குரோனிங்கனில் வாசித்தோம். திரும்பும்போது அசென் தாண்டி வேன் நின்றது. குளிரில் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒன்பது பேரும் விடியற்காலைவரை இருந்தோம். பெல்ட் மாற்றி, எட்டு மணிக்கு ஸ்வோலே வந்தோம். அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தபோது கித்தார்காரருக்குப் போன் வந்தது. அந்த ஊர் மன்றமொன்றில் மதியம் வாசிக்க வேண்டிய குழு வரவில்லை, நீங்கள் வாசிப்பீர்களா என்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டிரம்பெட் நண்பர், "நீ ரயிலில் போ, மகளின் பிறந்தநாள், டிக்கெட் காசு நான் தருகிறேன்" என்றார். ஒன்பது மணி ரயிலைப் பிடித்து உட்ரெக்டில் மாறியிருந்தால், நீ கேக் வெட்டுவதற்கு வெகு முன்பே வீட்டில் இருந்திருப்பேன்.

நான் போகவில்லை. டிராம்போன் இல்லாமல் அந்த ரூடி பாட்டை வாசிக்க முடியாது. யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானாகத்தான் இருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு முந்நூறு பேர் இருந்தார்கள், அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு கூட்டம் எங்களுக்குக் கிடைத்ததில்லை. முன்னால் வந்து ஊதினேன். ஊதும்போது உன்னை நினைக்கவில்லை. ஊதி முடித்துக் கருவியை இறக்கிய நொடியில் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது இரவு ஏழு. நீ என் கையிலிருந்த பரிசைப் பார்க்கவே இல்லை. வேன் என்றேன். நீ நம்பினாய், அல்லது நம்பியதாகக் காட்டினாய். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் பொய் சொன்னேன், பதில் கேட்ட இந்த வயதிலும் அதையே திரும்பச் சொன்னேன். என்னை மன்னித்துக்கொள் மக்களே. அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. சட்டைப்பையில் அந்த மன்றத்தின் டோக்கன்கள் நான்கு இருந்தன. துவைக்கும்போது எடுத்துத் தையல் டப்பாவுக்குள் போட்டுவைத்திருக்கிறாள். நேற்று நான் எல்லாம் சொன்னபோது டப்பாவைத் திறந்து காட்டினாள், ஒன்றும் பேசவில்லை.

பதினைந்து வயதில் நீ டிரம்பெட்டை நிறுத்தியபோது ஏன் என்று நான் கேட்கவில்லை. பதில் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது கேட்கிறேன். அதற்கு இந்தக் கதைதான் காரணம் என்றால் அதையும் எழுது.

வரும் ஏப்ரல் 27, மன்னரின் நாளில், அதே சதுக்கத்தில் வாசிக்கிறோம். பதினொன்றரைக்கு ஆரம்பம். டிரம்பெட் நண்பருக்கு முன்பல் இரண்டு கட்டியிருக்கிறார்கள். நீண்ட ஸ்வரங்களைப் பிடிக்க அவருக்கு இன்னும் கஷ்டம். பக்கத்தில் இன்னொருவர் நின்றால் நன்றாக இருக்கும் என்று அவர்தான் சொன்னார், நான் கேட்டுக்கொள்ளவில்லை. பர்மிங்காமிலிருந்து ஸ்கிபோலுக்கு விமானம் உண்டு. உன் டிரம்பெட்டின் வால்வுகளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டேன். இரண்டாவது மட்டும் கொஞ்சம் சிக்குகிறது, வியாழக்கிழமை கொட்டகைக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிறேன்.

அப்பா